ஒரு வாய்த் தண்ணீர்

“மூணு யானை” என்றது நீர்நாய். “இந்தக் கோடைக்கு நம்ம பகுதிக்கு மூணு யானை!”

ஆற்று மணலில் கூடியிருந்த விலங்குகள் காலால் தரையைத் தட்டின. மான்கள் தட்டின. முயல்கள் தட்டின. காட்டுப்பன்றிகள் தட்டியபோது மணலே அதிர்ந்தது. நீர்நாய் சுழலி பாறைமேல் நிமிர்ந்து நின்று, சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தது. ஆற்றோரப் பகுதியின் உறுப்பினர் அது. மலையுச்சியில் நடக்கும் பேரவைக்கு ஆற்றோடு ஏறிப் போய்விட்டு, அன்று காலைதான் இறங்கி வந்திருந்தது.

அந்தக் காட்டின் வரவும் செலவும் யானைகளின் உழைப்புதான். பாறை உருட்டவும் பள்ளம் தோண்டவும் அவற்றை விட்டால் ஆளில்லை. கோடைக்கு முன் பேரவை கூடி, எந்தப் பகுதிக்கு எத்தனை யானை என்று பங்கு பிரிக்கும். போன ஆண்டு ஆற்றோரத்துக்குக் கிடைத்தது ஒரு கிழட்டு யானை. அது கோடை முழுக்க நாவல் மரத்தில் முதுகு சொறிந்துகொண்டிருந்தது. கடைசியில் மரம் சாய்ந்தது. அதையும் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள்.

சுழலி அந்தக் கதையைச் சொன்னதும் கூட்டம் சிரித்தது. மேட்டுக்காட்டு உறுப்பினரான கரடி எல்லா யானைகளையும் தன் பக்கம் இழுக்கப் பார்த்ததையும், பேசிக்கொண்டிருக்கும்போதே அது தூங்கிவிழுந்ததையும், அந்த நேரம் பார்த்துத் தான் எழுந்து பேசியதையும் சுழலி சொன்னது. இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

கீரி மட்டும் சிரிக்கவில்லை. அதன் பெயர் சாம்பலன். போன தேர்தலில் சுழலியிடம் தோற்றிருந்தது.

“யானை வரட்டும். வந்து என்ன பண்ணும்? அதைச் சொல்லுங்க உறுப்பினரே.”

“ஊற்றுத் தோண்டும்.”

கூட்டத்தின் சிரிப்பு நின்றுவிட்டது.

எல்லோரும் வேறொன்றை எதிர்பார்த்திருந்தார்கள். ஆறு வற்றியதும் வளைவில் ஒரு மடு மிஞ்சும். கோடை முழுக்க அந்தப் பகுதிக்கே அதுதான் தண்ணீர். பன்றிகள் அதில் புரளும். மான்கள் அதன் கரையில் நின்று குடிக்கும். நீர்நாய்கள் அதில் மீன் பிடிக்கும். யானை கிடைத்தால் மடுவை ஆழப்படுத்துவோம் என்பது தேர்தலில் நிற்கிற எல்லோரும் கொடுக்கும் வாக்கு. சுழலியும் கொடுத்திருந்தது.

“மடுன்னு சொல்லித்தானே ஓட்டு வாங்கினீங்க?” என்றது சாம்பலன்.

“ஆமா, சொன்னேன். அப்போ எனக்குத் தெரியலை. இப்போ தெரியும்.”

பிறகு சுழலி நிதானமாக விளக்கியது. போன கோடையில் கழிச்சல் நோய் வந்து குட்டிகளை வாரிக்கொண்டு போனது. செத்தவை எல்லாம் மடுவில் குடித்தவை. முள்ளம்பன்றிக் குடும்பம் மேலே பாறைக் கசிவில் குடித்தது; அங்கே ஒரு குட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. மலையில் மற்ற பகுதி உறுப்பினர்களை ஒவ்வொருவராக விசாரித்தபோதும் இதே கதைதான். புரளுகிற தண்ணீரையே குடிக்கிற இடங்களில் நோய் இருந்தது. ஊறிவரும் தண்ணீரைக் குடித்த இடங்களில் இல்லை. ஆகவே மேல்மணலில் யானைகள் ஊற்றுத் தோண்டும். இனிக் குடிப்பது அங்கே, புரளுவது மடுவில்.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு பெண்பன்றி எழுந்தது. பன்றிகளுக்கெல்லாம் மூத்தது, கோரை என்று பெயர். போன கோடையில் அது ஈன்ற குட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இந்த ஆண்டு ஈன்றதில் பிழைத்த ஒற்றைக் குட்டி அதன் பின்னங்காலை ஒட்டியே நின்றது.

“அப்போ எங்க பிள்ளைங்களை நாங்களே கொன்னுட்டோம்னு சொல்றே.”

“அப்படிச் சொல்லலை கோரையக்கா. நானும் அதே மடுவிலதான் கிடக்கிறேன். அந்த அழுக்கில எனக்கும் பங்கு உண்டு.”

“காலங்காலமா அங்கேதான் புரண்டோம். அங்கேதான் குடிச்சோம்.”

“காலங்காலமா ஆறு இப்படி வத்தினது இல்லையே.”

கோரை தன் குட்டியை இன்னும் ஒட்டி நிறுத்திக்கொண்டது. மற்றவர்கள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். ஒரு கிழமான், அந்தக் கோடையில் தன் பேரப்பிள்ளை நின்றுகொண்டே சரிந்ததைப் பக்கத்தில் இருந்த முயலிடம் சொன்னது. முயலும் தன் வளையில் நடந்ததைச் சொன்னது. பேச்சு மெல்லச் சுழலியின் பக்கம் திரும்பியது. ஊற்றுக்குச் சம்மதம் என்று மான்கள் சொல்லிவிட்டன. முயல்களும் சொல்லின. நரிகள்கூட ஒன்றும் மறுக்கவில்லை.

அவ்வளவு நேரமும் ஒற்றைக்காலில் நின்றிருந்த கொக்கு இப்போது மறுகாலையும் ஊன்றியது. சாட்சி பார்க்கப் பேரவை அனுப்பிய பறவை அது.

“இருட்டுறதுக்குள்ள நான் மலைக்குப் போகணும். ஒருவாய் குடிச்சுடலாமா?”

அந்தக் காட்டில் பேச்சு மட்டும் போதாது. உறுப்பினர் சொன்னதைப் பகுதி ஏற்றுக்கொண்டது என்றால், உறுப்பினர் முதலில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க வேண்டும். பின்னாலேயே எல்லோரும் ஒரு வாய் குடிக்க வேண்டும். அதற்கு ‘ஒருவாய்’ என்றே பெயர். ஒருவாய் நடக்காத பகுதிக்கு யானை வராது. அதன் பங்கு பக்கத்துப் பகுதிக்குப் போய்விடும். ஆற்றோரத்தில் ஒருவாய் எப்போதும் மடுவில்தான் நடந்தது.

சுழலி பாறையிலிருந்து இறங்கி மடுவுக்கு நடந்தது. கூட்டம் பின்னால் வந்தது. எல்லோருக்கும் கால் பழகிய பாதை. சுழலி குனிந்து தண்ணீருக்கு அருகே வாயைக் கொண்டுபோனது. மீசை நனைந்துவிட்டது.

அப்போதுதான் தண்ணீரில் அது பக்கத்து நிழல்களைப் பார்த்தது. அதன் இருபுறமும் மான்குட்டிகளும் முயல்குட்டிகளும் வரிசையாகக் குனிந்திருந்தன. கோரையின் குட்டியும் தாயை விட்டு ஓடி வந்து மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. உறுப்பினர் வாய் வைக்கட்டும் என்று எல்லாம் காத்திருந்தன.

சுழலி தலையைத் தூக்கியது.

“நான் குடிக்க மாட்டேன். யாரும் குடிக்காதீங்க.”

சாம்பலனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? தன் பேச்சில் தனக்கே நம்பிக்கை இல்லாத உறுப்பினரைப் பாருங்கள் என்று கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. ஒருவாய் போனால் யானை போச்சு, மேட்டுக்காட்டுக் கரடி இப்போதே சிரித்துக்கொண்டிருக்கும் என்றது. கூட்டம் கூச்சலிட்டது. பெருமைக்காக யானையைத் தொலைக்கிறாயே என்று மான்களே கேட்டன.

முள்ளம்பன்றி பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பேசியது. சுழலிக்காகத் தேர்தலில் வளை வளையாக அலைந்தது அதுதான்.

“ஒரு வாய்தானே? குடிச்சுடு. யானை வந்ததும் ஊற்றுக்கு மாறிக்கலாம். ஒரு வாயில நீ செத்தா போயிடுவே?”

“நான் சாக மாட்டேன்” என்றது சுழலி. “நான் ஒரு வாய் குடிப்பேன். என்னைப் பார்த்துட்டு இதுங்க கோடை முழுக்கக் குடிக்கும்.”

முள்ளம்பன்றி குட்டிகளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு வழிவிட்டு ஒதுங்கியது.

சுழலி மடுவை விட்டு மேல்மணலுக்கு நடந்தது. வெயில் இன்னும் தணியவில்லை, மணல் சுட்டது. ஓர் இடத்தில் நின்று முகர்ந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் முகர்ந்தது. பிறகு முன்னங்கால்களால் தோண்ட ஆரம்பித்தது. நீர்நாய்க்கு வளை தோண்டிய பழக்கம் உண்டு. ஆனால் உலர்ந்த மணல் வளைமண் போல நிற்பதில்லை. தோண்டத் தோண்டச் சரிந்தது.

“யானை வேலையை நாய் பார்க்குது” என்றது சாம்பலன். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

“யானை ஊருக்குத் தோண்டும்” என்றது சுழலி, நிமிராமலே. “ஒருவாய்க்கு நான் போதும்.”

இதற்கும் சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு கீரியின் பக்கம் திரும்பியிருந்தது.

மணல் ஈரமானது. இன்னும் தோண்டியபோது குழியின் அடியில் கலங்கலாய்த் தண்ணீர் கூடியது. சுழலி அது தெளியும்வரை காத்திருந்தது. பிறகு எல்லோரும் பார்க்கக் குனிந்து ஒரு வாய் குடித்தது. மணலைத் துப்பியது.

“இதுதான் என் ஒருவாய். வர்றவங்க வரலாம்.”

முள்ளம்பன்றி வந்து குடித்தது. கிழமான் வந்தது. அதன் பின்னால் மான்கள் வந்தன. குழி சிறியது, ஒவ்வொருவரும் குடித்துவிட்டு, அடுத்தவருக்கு ஊறும்வரை பக்கத்தில் நின்றார்கள். முயல்களும் நரிகளும் ஒரே வரிசையில் நின்றன. முயல்கள் மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டு நின்றன.

பன்றிகள் வரவில்லை. ஆற்றோரத்தில் அவைதான் பெருங்கூட்டம். அவை குடிக்காவிட்டால் ஒருவாய் ஆகாது.

சுழலி அவற்றிடம் போனது. கெஞ்சவில்லை. மடு இனி அவர்களுக்கே என்றது. யாரும் அதில் குடிக்கப்போவதில்லை என்பதால், தண்ணீரைக் கலக்காதே என்று அவர்களை விரட்ட இனி யாருக்கும் உரிமை கிடையாது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவர்கள் கிடக்கலாம்.

“இந்த ஆத்திலேயே தனக்குன்னு மடு வெச்சிருக்கிற இனம் வேற எது?”

இளம் பன்றிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மான்கள் வந்து கத்தியதும் பாதிப் புரளலில் எழுந்து போன நாட்கள் அவற்றுக்கு மறக்கவில்லை. ஒன்று நடந்தது. பிறகு நாலைந்து. பிறகு எல்லாமே போய் வரிசையின் பின்னால் நின்றன.

கோரை மட்டும் போகவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் மடுவில் இறங்கிச் சேற்றில் படுத்துக்கொண்டது. குட்டி கரையில் நின்றது.

“மடுவில குடிக்காதது ஒருவாயே இல்லை” என்று சாம்பலன் கொக்கிடம் வாதாடியது. நெடுநேரம் பேசிய தொண்டை, குரல் கரகரத்தது.

“எல்லாரும் சேர்ந்து குடிச்சாங்களான்னுதான் மலையில கேப்பாங்க” என்றது கொக்கு. “எங்கேன்னு கேக்க மாட்டாங்க. சேத்தில ஒரு ஆள் கோவமா படுத்திருந்ததையும் நான் சொல்லப்போறதில்லை.”

சிறகை விரித்து மலையைப் பார்த்துப் பறந்தது. மூன்று யானைகளும் ஆற்றோரத்துக்கு உறுதியாயின. கூட்டம் மறுபடி காலைத் தட்டியது. யானைகள் வந்ததும் முதல் தோண்டலைப் பார்க்க எல்லோரும் வரவேண்டும் என்றும், கரடியையும் அழைக்கப்போவதாகவும் சுழலி சொன்னது. சாம்பலன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஒரு வாய் குடித்துவிட்டு வளைக்குப் போனது. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

பொழுது சாய்ந்தது. மணலில் யாரும் இல்லை. கோரை சேற்றிலிருந்து எழுந்து உடம்பை உதறியது. அவ்வளவு நேரம் தாகமாய் நின்ற குட்டி மடுவை நோக்கி மூக்கை நீட்டியது. கோரை தன் முகத்தைக் குறுக்கே வைத்துத் தடுத்தது. குட்டியை முட்டி முட்டி மேல்மணலுக்கு நடத்திப்போனது. குட்டி குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றது. பிறகு சரிந்திருந்த குழிக்குள் மூக்கை விட்டு, இன்னும் கொஞ்சம் ஆழமாக்கியது.

ஊர் தன் தலைவர் சொல்வதைக் காதால் கேட்கும். ஆனால் அவர் வாய் வைக்கிற இடத்தில்தான் தானும் வாய் வைக்கும்.