இரவல் வந்த குடத்துக்காரி

திகைப்பூர் என்று ஒரு ஊர். அந்த ஊர்க்காரரிடம் வழி கேட்டால், அவரும் நம்மோடு சேர்ந்து நின்று அடுத்த ஆளிடம் வழி கேட்பார். அவ்வளவு நல்ல ஜனங்கள்.

அந்த ஊர்ப் பூங்காவில் தினக்கூலிக்குப் பெருக்கிக்கொண்டிருந்தாள் சொர்ணக்கிளி. பூங்காவில் அப்போது ஒரே ஒரு சிலைதான், சிமெண்ட் எருமை. பால்கடைப் பரமானந்தம் நன்கொடையாகக் கொடுத்தது. "குடுத்தவன் பேரு நல்லாத் தெரியணும்" என்று அவர் சொல்லியிருந்தார். நகராட்சியும் கொம்பு முதல் வால் வரைக்கும் அவர் பேரை எழுதிவிட்டது. அன்றிலிருந்து ஊரே எருமையைப் பரமானந்தம் என்றுதான் கூப்பிட்டது.

இப்படி இருக்கும்போது பெருங்கரை நகராட்சியிலிருந்து ஒரு கற்சிலை இரவலாக வந்தது. இடுப்பில் குடம் வைத்த ஒரு பெண். கூடவே வந்த அதிகாரி தேவசகாயம் லாரியை விட்டு இறங்கும்போதே சொன்னார்: "பொங்கல் முடியற வரைக்கும் வெச்சுக்கோங்க. ஒருத்தர் கையும் மேல படக் கூடாது. வாங்கினபடியே திருப்பித் தரணும்."

நகராட்சித் தலைவர் மாசிலாமணி, சொர்ணக்கிளியைக் கூப்பிட்டார். "ஏம்மா, இது உன் பொறுப்பு. சிலை நல்லபடியா பெருங்கரைக்குப் போய்ச் சேர்ந்துட்டா உனக்கு வேலை நிரந்தரம். இல்லேன்னா..."

இல்லேன்னா என்ன என்பது அவருக்கு மறந்துபோயிற்று. சொர்ணக்கிளியோ 'நிரந்தரம்' என்ற வார்த்தையை அன்று முழுக்க மிட்டாய் மாதிரி கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள்.

கை படக் கூடாதே! ஆட்கள் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதுகாலும் தலையாலும் முட்டி முட்டிச் சிலையை இறக்கினார்கள். சொர்ணக்கிளி துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு தினமும் தூசி துடைத்தாள்.

"சிலைகிட்ட என்னடி ரகசியம் பேசறே?" என்று கேட்டார்கள் பூங்காவுக்கு வந்தவர்கள்.

வாயைத் திறந்தால் துணி விழுந்துவிடும். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சரி, ஏதோ ரகசியம் இருக்கிறது என்று ஊர் முடிவுகட்டியது.

பொங்கல் முடிந்தது. மறுநாள் லாரி வருகிறது. சொர்ணக்கிளிக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். நேரே தலைவரிடம் போனாள்.

"ஐயா, பக்கத்து வீட்டுல கிண்ணத்துல குழம்பு குடுத்தா, கிண்ணத்தை வெறுமனேயா திருப்பிக் குடுப்போம்?"

"சேச்சே! நாலு முறுக்காவது போட்டுத்தானே குடுப்போம்."

"அப்ப, இந்தப் பொண்ணு இடுப்புல குடம் இருக்குங்களே?"

தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். ஊர் மானம் போக இருந்ததே!

உடனே பூங்காவில் கூட்டம் கூடியது. சர்க்கரைப் பொங்கல்தான் என்று முடிவாகி, பெரிய தவலையில் கிண்டி, கரண்டி கரண்டியாகக் குடத்தில் போட்டார்கள். போட்டதெல்லாம் வழுக்கிக் கீழே விழுந்தது. சொர்ணக்கிளி ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள்.

"ஐயா, குடம் ஏற்கெனவே நெறஞ்சிருக்கு!"

"என்னத்தால?"

"கல்லால."

நகராட்சி உறுப்பினர் அம்புஜத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்களேன், ஒரு குடம் கல்லு குடுத்து அனுப்பியிருக்காங்க. நாம எடுத்துக்கவே இல்ல. என்ன நெனச்சிருப்பாங்க நம்மள?"

"எடுத்துட்டு நம்ம பொங்கலை வெச்சு அனுப்புவோம்" என்றார் உறுப்பினர் கொண்டல்சாமி.

"வாங்கினபடியே தரணும்னு சொன்னாரே?" என்று நடுங்கினாள் சொர்ணக்கிளி.

"ஏம்மா, குடம் நெறைய வந்துச்சு. குடம் நெறையப் போகுது. வாங்கினபடிதானே?" என்றார் கொண்டல்சாமி.

ஊரே கைதட்டியது.

தெருவில் அம்மி கொத்த வந்த இருளப்பனைப் பிடித்து வந்தார்கள். "கை படக் கூடாதுன்னீங்களே?" என்றார் அவர். "உளிதானே படுது, நீர் கொத்தும்" என்றார் தலைவர். இருளப்பன் குடத்தைக் குடைந்து குடைந்து நல்ல பள்ளமாக்கினார். விழுந்த கல்லை எல்லாம் மரியாதையாக ஒரு சாக்கில் கட்டினார்கள். குடம் நிறையப் பொங்கலைப் போட்டு, நெய் ஊற்றி, மேலே முந்திரி வைத்தார்கள்.

மறுநாள் தேவசகாயம் வந்தார். பார்த்தார். குடத்துக்குள்ளும் எட்டிப் பார்த்தார்.

"ஒருத்தர் கையும் படல சார்" என்றார் தலைவர் பெருமையாக. "ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க."

"எனக்கு இந்தச் சிலையே வேண்டாம்யா! நீங்களே வெச்சுக்கோங்க!" என்று கத்திவிட்டு, அவர் லாரியில் ஏறி உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

சொர்ணக்கிளி தரையில் உட்கார்ந்து தேம்பினாள். "சிலை போனாத்தானே எனக்கு நிரந்தரம்! அது போகவே மாட்டேங்குதே!"

அப்போதுதான் கொண்டல்சாமி அலறினார். "ஐயையோ! லாரி வெறுமனே போகுதுய்யா!"

ஊர் பதறிவிட்டது. வெறுங்கிண்ணமே கூடாது, வெறும் லாரியா? சுற்றும் முற்றும் பார்த்தார்கள். எருமைதான் கண்ணில் பட்டது. அதைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! ஆளுக்கு ஒரு கால் பிடித்து ஏற்றி, கயிறு போட்டுக் கட்டிவிட்டார்கள். டிரைவர் வந்தார், வண்டியை எடுத்தார். பரமானந்தம் ஆடி ஆடிப் போய்ச் சேர்ந்தது.

தலைவர் கேட்டார்: "என்னம்மா, சிலை நல்லபடியா பெருங்கரைக்குப் போயிடுச்சா?"

"ஒரு கீறல்கூட இல்லாமப் போயிடுச்சுங்க ஐயா."

"அப்ப உனக்கு நிரந்தரம்!"

நிரந்தரமான கையோடு சொர்ணக்கிளி வேலையில் இறங்கினாள். பொங்கலை ஊர் தின்று முடித்திருந்தது. குடம் காலியாகக் கிடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. சாக்கை அவிழ்த்து அந்தக் கல்லை எல்லாம் குடத்திலேயே கொட்டி நிரப்பினாள். தலைவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அடேயப்பா! வாங்கினபடியே ஆயிடுச்சே!"

உடனே பெருங்கரைக்கு போன் போட்டார்.

"தேவசகாயம் சாருங்களா? உங்க சிலை ரெடி, லாரி அனுப்புங்க. வரும்போது எங்க எருமையையும் ஏத்தி விட்டுருங்க. அது சும்மா இரவல்தான்."

சொர்ணக்கிளி பக்கத்தில் வந்து அவர் காதில் என்னவோ கிசுகிசுத்தாள். தலைவர் தலையாட்டினார்.

"ஆங், சார், ஒரு முக்கியமான விஷயம். எங்க ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும். எருமையை வெறும் வயித்தோட அனுப்பிடாதீங்க!"