ஜெபமணியின் நம்பர்

சவரிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த கோமதி டீச்சருக்கு முப்பத்தாறு. இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் தூத்துக்குடியில் பாக்கி இல்லை. சிரித்துவிட்டுப் போகட்டுமே! உப்பளத்து வேலை போன மனுஷன், வெப்சைட் செய்து பிழைக்கலாம் என்று நினைத்தது ஒரு குற்றமா?

எட்டு மாதம் படித்த பிறகு முதல் வேலை வந்தது. காயல்பட்டினத்து ஜைனம்பு அம்மா மாசிக் கருவாட்டில் ஊறுகாய் போட்டு விற்கிறவர். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று அவர் கடையை இடித்துப் போட்டுவிட்டார்கள். இனி வெப்சைட்தான் அவருக்குக் கடை. வேறு போக்கிடம் கிடையாது.

வெப்சைட்டுக்கு இடம் கொடுக்க ஒரு ஹோஸ்டிங் கம்பெனி வேண்டுமே. சவரிமுத்து பதினொரு கம்பெனிகளை ஒரு நோட்டில் எழுதினார். எது வேகம், எது பாதுகாப்பு, எவன் போனை எடுக்கிறான், எவன் எடுக்க மாட்டான் என்று விசாரித்து விசாரித்து மண்டை காய்ந்துபோனார். கடைசியில் டீச்சரிடமே வந்து நின்றார்.

“டீச்சர், இதுல எந்தக் கம்பெனி நல்லது?”

டீச்சர் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

“தப்பான இடத்துல வச்சு, நாளைக்கு சைட் படுத்துட்டா அந்தம்மா நடுத்தெருவுலல்லா நிப்பாங்க. எனக்குத் தூக்கமே வரல டீச்சர்.”

“வண்டியை எடுங்க அண்ணாச்சி. ஒரு வீட்டுக்குப் போயிட்டு வருவோம்.”

அது ஜெபமணியின் வீடு. ஜெபமணி டீச்சரிடம் முதன்முதலில் படித்தவன். சுறுசுறுப்பான பையன். சுற்று வட்டாரத்தில் முப்பத்தெட்டுக் கடைகளுக்கு வெப்சைட் போட்டுக்கொடுத்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் பைபாஸில் லாரி மோதிச் செத்துப்போனான்.

அவன் மனைவி எஸ்தர்ராணி கதவைத் திறந்தாள். கையில் ஒரு பழைய போன் இருந்தது.

உட்காரச் சொல்லி வாயெடுப்பதற்குள் போன் அடித்தது.

“சொல்லுங்க. எந்தக் கடை? சிமெண்டுக் கடையா? இருங்க, இன்னும் வரல. ஆங், வந்துட்டு. நாலு, பூஜ்யம், ஏழு, ஏழு, ஒண்ணு, அஞ்சு. சரி, வைக்கட்டுமா?”

சவரிமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எஸ்தர்ராணியே சொன்னாள்.

“அவுங்க சைட்டுக்குள்ள அவுங்க போகணும்னா ஓ.டி.பி. கேக்குமாம் அண்ணாச்சி. எல்லாத்துக்கும் இவுக நம்பரைத்தான் குடுத்திருந்தாக. இதுலதான் வரும்.”

“நம்பரை மாத்திக்கிடச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லாம இருப்பேனா? ‘நீங்கதான் சொல்லிடுதீங்களேக்கா, அப்புறம் பாத்துக்கிடலாம்’ங்காக. நீயே மொத்தமா மாத்திக் குடுன்னு கம்பெனிக்காரன்கிட்ட கேட்டா, யார் பேர்ல இருக்கோ அவரு வந்து சொல்லணும்ங்கான். நான் எங்க போய்க் கூட்டிட்டு வர?”

எஸ்தர்ராணி மேலே சொன்னாள்.

“என் தங்கச்சிக்குப் பிரசவம். உள்ள அவ கத்துதா. வாசல்ல நின்னு நான் ஒரு ஜவுளிக்கடைக்கு நம்பர் வாசிச்சிட்டிருக்கேன். இந்தச் சனியன் பிடிச்ச நம்பரை ரத்து பண்ணிருவோம்னு ஒருநாள் கிளம்பியும் போயிட்டேன். முப்பத்தெட்டுக் கடை. எத்தனை பேரு சாப்பாடு! பேசாம திரும்பி வந்துட்டேன்.”

அவள் போனை முந்தானையால் துடைத்தாள்.

“கம்பெனியில இருந்து வாற மெயில் எல்லாத்துலயும் ‘வணக்கம் ஜெபமணி’ன்னுதான் போட்டிருக்கு. தினமும் வாசிக்கேன். ஆளு செத்துட்டாகன்னு அதுக்கு யாரு சொல்ல?”

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். போன் மறுபடி அடித்தது. இருவரும் சொல்லிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

வண்டிப் பக்கத்தில் வந்ததும் சவரிமுத்து கேட்டார்: “ஜெபமணி எந்தக் கம்பெனியில வச்சிருந்தான் டீச்சர்?”

“உங்க நோட்டுல முதல் கம்பெனி. நல்ல கம்பெனி. நாலு வருஷத்துல ஒரு சைட்டும் படுக்கல.”

“பிறகு ஏன் இப்படி?”

“கஸ்டமரைத் தொந்தரவு பண்ணாத, உன் நம்பரையே போட்டுக்கோன்னு அவனுக்குச் சொல்லிக்குடுத்தது நான்தான்.”

டீச்சர் முகம் இப்படி வாடி இருந்து சவரிமுத்து பார்த்ததில்லை. பாவமாக இருந்தது.

“கடை கடையா ஏறி நம்பரை மாத்திக்கிட்டு வாறேன்” என்றார் டீச்சர். “பதினாலு முடிஞ்சிருக்கு. மிச்சப் பேரு இன்னைக்கு வா, நாளைக்கு வான்னு இழுத்தடிக்காங்க.”

சவரிமுத்து சாவியைப் போட்டார். திருகவில்லை.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“ஜைனம்பு அம்மாவுக்கு ஓ.டி.பி., கீடிபி எல்லாம் ஒண்ணும் தெரியாது. அவங்களை எதுக்குப் போட்டு அலைக்கழிக்கணும்னு நேத்தே அந்த முதல் கம்பெனியில என் நம்பரைக் குடுத்து அக்கவுண்ட் திறந்துட்டேன். சரியான கம்பெனிதானான்னு கேக்கத்தான் உங்ககிட்ட வந்தேன்.”

டீச்சர் திரும்பி அந்த வீட்டு வாசலைப் பார்த்தார். உள்ளே எஸ்தர்ராணி யாருக்கோ ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வீட்டுல மதினிக்கு நம்பர் வாசிக்கத் தெரியுமா அண்ணாச்சி?”