வாசலில் கிடக்கும் உமி

அந்தக் காலத்தில், எலியும் எறும்பும்கூட வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, செங்காலி என்ற எறும்பு தன் கூட்டத்தோடு வரப்போரம் ஒரு தானியக் கிடங்கு திறந்தாள். அணில்களும் சிட்டுக்குருவிகளும் தானியம் போட்டுப் பங்கு சேர்ந்தன. புதிதாகக் கிடங்கு திறப்பவர், ஆண்டுக் கணக்கை எந்த நாளில் முடித்துக் காட்டுவார் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னால் சொன்னதுதான், மாற்ற முடியாது.

பக்கத்து வளையில் கிடங்கு வைத்திருந்த வயலெலி கொழுவன், கேட்காமலே யோசனை சொல்ல வந்தான்.

"தை மாசக் கடைசின்னு சொல்லிடு தங்கச்சி. அறுவடை முடிஞ்சு கிடங்கு பிதுங்கும். பாத்தவன் வாயைப் பிளப்பான்."

"தையில எங்க ஆளுங்க எல்லாம் களத்துல கிடப்பாங்கண்ணே. யாரு உக்காந்து எண்ணுறது? ஆனிக் கடைசியில வேலை இருக்காது, புதுச் சரக்கும் வராது. அதான் சரி."

"காலிக் கிடங்கையா காட்டுவ? போட்டவனெல்லாம் பங்கைப் பிடுங்கிட்டுப் போயிடுவான்!"

பங்கு போனால் கிடங்கை மூட வேண்டியதுதான். ஆனாலும் எண்ணாத கணக்கைக் காட்ட செங்காலிக்கு மனம் வரவில்லை. ஆனிக் கடைசி என்றே அறிவித்தாள்.

தையில் கொழுவன் கணக்கு முடித்தான். நெல் வளையை விட்டு வெளியே வழிந்தது. இதை யார் எண்ணுவது என்று எல்லோரும் கைதட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆனிக் கடைசி நாள் வந்தது. பங்காளிகளுக்கு மூத்தவளான அணில் வரிச்சி, கிடங்குக்குள் எட்டிப் பார்த்தாள். மூலையில் கொஞ்சம் தானியம் கிடந்தது.

"இவ்வளவுதானா? எண்ணிப் போட்டோமே, மிச்சமெல்லாம் எங்கடி?"

கொழுவன் மீசையை முறுக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

செங்காலி தன் கூட்டத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். உள்ளறையிலிருந்து எறும்புகள் உமியைச் சுமந்து வந்து, வாசலைச் சுற்றி நூறு நூறாக அடுக்கின. குப்பை என்று எல்லோரும் தூர எறிகிற உமியை, அவள் ஆண்டு முழுக்கச் சேர்த்து வைத்திருந்தாள்.

"நீங்க வந்து தின்னது, நாங்க தின்னது, எல்லாத்துக்கும் உமி இங்க இருக்கு. மிச்சம் உள்ள இருக்கு. ரெண்டையும் கூட்டிப் பாருங்கக்கா."

வரிச்சி எண்ணினாள். நம்பாத குருவிகள் மறுபடியும் எண்ணின. பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. ஒரு மணிகூடக் குறையவில்லை.

"கொழுவண்ணே, உங்க உமியைக் கொஞ்சம் கொண்டாங்களேன்" என்று வரிச்சி திரும்பினாள். வளை வாசலில் வால் நுனி மட்டும் தெரிந்தது. அதுவும் மறைந்தது. அவனிடம் பங்கு வைத்திருந்தவர்களும் செங்காலியிடமே வந்து சேர்ந்தார்கள்.

"உமியை அள்ளிக் கொட்டிடவா?" என்று ஓர் எறும்பு கேட்டது.

"கிடக்கட்டும். நாம தின்னதைக் காட்ட நமக்கென்ன வெட்கம்?" என்றாள் செங்காலி. அன்று அவளுக்கு இருந்த பெருமை அந்த வரப்பே கொள்ளாது.

அன்று முதல்தான் வயலெலி தன் நெல்லை மண்ணுக்கடியில் ஆழமாக ஒளித்து வைக்கிறது. எறும்போ, தின்று தீர்த்த உமியை வாசலைச் சுற்றியே போட்டு வைத்திருக்கிறது, சந்தேகப்படுகிறவர் வந்து எண்ணிக்கொள்ளட்டும் என்று.