இரண்டு ஃபில்டர்களின் மிச்சம்

“என் ஃபில்டர்ல என்னங்க டீச்சர் குறை?”

தணிகைவேலு இதை மூன்றாவது முறையாகக் கேட்டார். முதல் இரண்டு முறையும் சௌந்தரம் டீச்சர் பதில் சொல்லாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. டீச்சருக்கு நாற்பது. பதினான்கு மாதங்களுக்கு முன் தன் டி.வி. ரிப்பேர் கடையை இழுத்துப் பூட்டிவிட்டு, பீளமேட்டில் மாடியில் இருந்த டீச்சரின் பட்டறைக்கு ஒலி ஃபில்டர் செய்யக் கற்றுக்கொள்ள வந்தவர் தணிகைவேலு.

அங்கே எல்லாருக்கும் ஒரே மாதிரி சிப்தான். அதற்குள் முப்பத்திரண்டு எண்களை எழுத வேண்டும். எந்த ஓசையை உள்ளே விடுவது, எதை வாசலிலேயே நிறுத்துவது என்பதை அந்த எண்கள் பார்த்துக்கொள்ளும். எண்கள் மாறினால் குணமும் மாறிவிடும்.

இம்முறை வேலை, மருத்துவ முகாம் வேன்களில் வைக்கும் எலக்ட்ரானிக் ஸ்டெதாஸ்கோப். மொத்தம் நாற்பது வேன்கள். ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவே நெஞ்சின் ஓசை டாக்டருக்குக் கேட்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று அவர் முடிவு செய்வார்.

இருவர் ஃபில்டர் செய்தார்கள். தணிகைவேலு ஒருவர். மற்றவன் சம்சுதீன். வயது இருபத்தொன்பது, சேர்ந்து ஏழே மாதம்.

டீச்சர் சம்சுதீனுடையதை எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அவன் எண்கள் நாற்பது கருவிகளிலும் ஏறப்போகின்றன.

தணிகைவேலு மீட்டரை டீச்சர் பக்கம் திருப்பினார்.

“அவனுது இரைச்சல நாப்பது டெசிபல் குறைக்குது. என்னுது நாப்பத்தாறு. ஆறு கூடுதல். மீட்டரே சொல்லுதுங்க.”

“ஆமாங்ணா. மீட்டர் பொய் சொல்லாது.”

“அப்புறம் என்னங்க?”

டீச்சர் மீட்டரை அணைத்தார். தணிகைவேலு விடவில்லை.

“சொன்னாக் கோவிச்சுக்குவீங்க. இந்த ஆறு வாரத்துல அவன் மேசைக்கு இருவத்திமூணு தடவ போயிருக்கறீங்க. என் மேசைக்கு ஒம்பது. அதுலயும் ரெண்டு தடவ ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வந்தீங்க.”

அடுத்த மேசையிலிருந்து சம்சுதீன் நிமிர்ந்தான். “எண்ணிட்டேவா இருந்தீங்ணா?”

“நீ பேசாத தம்பி. உனக்கு வர்ற டீ கூட என்னுத விடச் சூடா வருது.”

டீச்சர் சிரிக்கவில்லை. “ஏனுங்ணா, உங்க நம்பரெல்லாம் எப்படிப் புடிச்சீங்க?”

“இவன் கிராஃபப் பாத்துத்தான். இவன் எங்க ஓசைய வெட்டறானோ, அதுக்குக் கொஞ்சம் முன்னாலயே நான் வெட்டிருவேன். இவன் இருவது குறைச்சா நான் இருவத்தாறு. இவன் முப்பதுக்குப் போனா நான் முப்பத்தாறு. பதினோரு வாட்டி மாத்தினனுங்க. பதினோரு வாட்டியும் நான்தான் மேல.”

“நெஞ்சுல வெச்சுக் கேட்டீங்களா?”

“கேக்காமயா? என் நெஞ்சுலயே வெச்சுக் கேட்டேன். கடப்பாறைல கல்லு உடைக்கற மாதிரி, அத்தன தெளிவு.”

“சரி, ரெண்டையும் மோத விட்டுப் பாத்துரலாமுங்ளா?”

“தாராளமா விடுங்க. அவன் நெஞ்சுலயே வெச்சுப் பாருங்க. நாளைக்கு யாரும் ஓரவஞ்சனைன்னு சொல்லக் கூடாது.”

சம்சுதீன் டீச்சரைப் பார்த்தான். பிறகு சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றினான்.

டீச்சர் விசிறியை நிறுத்தினார். ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை அவன் நெஞ்சில் பதித்தார். அதிலிருந்து வந்த ஓசையை இரண்டாகப் பிரித்து, இருவரின் சிப்புக்கும் கொடுத்தார். வெளியே வந்ததில் ஒன்றை மட்டும் தலைகீழாகத் திருப்பி, இரண்டையும் ஒரே ஹெட்ஃபோனில் சேர்த்தார்.

“இது என்னங்க கணக்கு?”

“கழித்தல். ரெண்டு ஃபில்டர்லயும் ஒரே மாதிரி வர்ற ஓசை ஒண்ண ஒண்ணு அழிச்சுக்கும். ஒண்ணுல மட்டும் இருக்கறது மிஞ்சும்.”

“மிஞ்சறது என்னன்னு எனக்குத் தெரியுமுங்க” என்று தணிகைவேலு ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

லப்-டப் இல்லை. அது இரண்டிலும் இருந்தது. ஒன்றையொன்று அழித்துக்கொண்டு போய்விட்டது.

சற்று நேரம் எதுவுமே இல்லை என்று தோன்றியது.

பிறகு மெல்லிதாக ஒன்று. பல்லிடுக்கில் காற்றை இழுப்பது போல. ஸ்ஸ். ஓர் இடைவெளி. ஸ்ஸ்.

அவர் முகம் மலர்ந்தது. “புடிச்சிட்டனுங்க! அவனுது இரைச்சலக் கசிய விடுது. என்னுது சுத்தமா அடைச்சுப்போட்டுது.”

“இரைச்சலுங்ளா?”

“பின்ன?”

“நிமிஷத்துக்கு எத்தனன்னு எண்ணுங்ணா. உங்க எண்ணிக்கை தப்பாது.”

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினார்.

“எழுவத்திரண்டு.”

“இன்னொருக்கா.”

“எழுவத்திரண்டு.”

“இரைச்சல் இப்படி எண்ணி எண்ணி வருமாங்ணா?”

தணிகைவேலு கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். எதிரே சம்சுதீனின் கழுத்தில் ஒரு நரம்பு துடித்தது. அது துடிக்கும்போதெல்லாம் காதில் ஸ்ஸ் என்றது.

“சின்ன வயசுலேருந்து இருக்குதுங்ணா” என்றான் சம்சுதீன், தரையைப் பார்த்து. “இதயத்துல வால்வு ஒண்ணு செரியா மூடாது. ஒவ்வொரு வாட்டி நம்பர் மாத்தறப்பவும் டீச்சர் வந்து இதக் கேட்டுப் பாப்பாங்க. வெளிய சொல்ல வேண்டாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்.”



டீச்சர் கை நீட்டி, சம்சுதீனுடைய சிப்பின் ஒயரைப் பிடுங்கினார். இப்போது தணிகைவேலுவின் ஃபில்டர் மட்டும்தான்.

லப்-டப். லப்-டப். பிசிறே இல்லை. நோய்நொடி அறியாத நெஞ்சு.

“இப்பச் சொல்லுங்ணா” என்றார் டீச்சர். “தம்பிய வீட்டுக்கு அனுப்பிச்சிரலாமுங்ளா?”