வேறு வண்டியின் ஆயில் கூலர்

மேட்டுப்பாளையத்தில், கோத்தகிரி சாலை மலையேறத் தொடங்குகிற இடத்தில் ரங்கநாயகியின் ஒர்க் ஷாப். அவளுக்கு வயது முப்பத்தைந்து. அவளிடம் தொழில் பழகிய சுப்பராயனுக்கு நாற்பத்தாறு. தறிக்குடோனை மூடிய பிறகு போக்கிடம் இல்லாமல் வந்து சேர்ந்தவன். அவன் அவளை மேஸ்திரி என்பான், அவள் அவனை அண்ணா என்பாள். இதில் யார் குரு, யார் சீடன் என்று வருகிறவர்கள் குழம்புவார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

ஒரு நாள் காலையில் சுப்பராயன் துணிப்பையோடு வந்தான். பையை டயர் அடுக்குக்குப் பக்கத்தில் வைத்தான்.

“எங்கீங்ணா பயணம்?”

“ஓசூருங் மேஸ்திரி. ஒரு கம்பெனியில வேலை இருக்குது. தங்கறதுக்கு எடமும் தர்றாங்களாமா. சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸு.”

“வீட்டுல சொல்லிட்டீங்களா?”

“சொல்லி என்னங் ஆகப்போகுது? நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.”

மூன்று வருஷத்துக்கு முன்புதான் அவனுக்குக் கல்யாணம் ஆனது. மனைவி தெய்வானை முதல் புருஷனை இழந்தவள், அவளுக்குப் பூங்கொடி என்று ஒரு மகள். இப்போது மகளுக்குப் பதின்மூன்று வயது. அதுவரை தானே பொங்கித் தானே தின்று, காய்ச்சல் வந்தால் தானே எழுந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன், இனி நமக்கும் நாலு பேர் என்று நம்பித்தான் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தான். தெய்வானையிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூங்கொடிதான் அவன் வாசலில் வந்தால் உள்ளே போய்விடும், உள்ளே வந்தால் வாசலுக்குப் போய்விடும்.

“தனியாக் கெடந்தப்பகூட இவ்வளவு தனியா இருந்ததில்லீங்,” என்றான். “ஒண்ணு கேக்கறனுங் மேஸ்திரி. அந்தப் புள்ளைக்கு சைக்கிள் வாங்கித் தந்தேன். மஞ்சக்காமாலை வந்தப்ப ஆஸ்பத்திரியில பத்து நாள் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். எவ்வளவு குடுத்தாலும் ஒண்ணையும் காணோம். குடுக்கறதெல்லாம் எங்கீங் போகுது?”

“அதுகிட்ட எதாச்சும் கேட்டீங்களா?”

“கேக்காம இருப்பனுங்களா? சைக்கிள் யாரு வாங்கித் தந்தாங்கன்னு பள்ளிக்கூடத்துல சொன்னியான்னு கேட்டேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும், என்னைய அப்பனா நெனைக்கறயா இல்லையான்னு கேட்டேன். போன வெள்ளிக்கெழமகூடக் கேட்டேன்.”

“என்ன சொல்லுச்சு?”

“அப்பத்தான் ரெண்டு வார்த்தை பேச ஆரம்பிச்சிருக்கும். கேட்டதும் வாயை மூடிக்கும். மறுபடி ஒரு மாசத்துக்கு மூஞ்சியக்கூடப் பாக்காது.”

ரங்கநாயகி, வேலைக்கு வந்து நின்ற பழைய காரைக் காட்டினாள். கோத்தகிரி ஹோமியோபதி டாக்டருடைய நாற்பது வருஷத்துக் கார். மலையேறினால் இன்ஜின் ஆயில் கொதித்துத் தண்ணீர் மாதிரி இளகிவிடும். அந்தக் காலத்து மாடல், ஆயிலை ஆற்றுகிற கூலர் அதில் கிடையாது. உக்கடத்துப் பழைய சாமான் கடையில், உடைக்கப் போட்ட ஒரு வேனிலிருந்து கூலர் ஒன்றை வாங்கி வந்திருந்தாள்.

“பஸ்ஸு ஆறு மணிக்குத்தானுங்களே. அதுக்குள்ள இதை மாட்டிருங்ணா.”

சுப்பராயன் கூலரைத் தூக்கி ரேடியேட்டருக்கு முன்னால் வைத்துப் பார்த்தான். ஓட்டைகள் இரண்டு விரற்கடை தள்ளி நின்றன. ரம்பத்தைத் தேடினான்.

“கூலரையும் வெட்டாதீங்க, காரையும் வெட்டாதீங்க,” என்றாள் அவள். “நடுவுல ஒரு பட்டை அடிச்சுப் போடுங்க.”

இரும்புப் பட்டையை வளைத்து, துளை போட்டு, ரப்பர் வைத்து மாட்டினான். ஃபில்டர் பக்கமிருந்து இரண்டு ஹோஸ் இழுத்து முடுக்கினான். தறியில் நூல் பிடித்த கை, வேலை பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. இன்ஜினில் ஆயில் மட்டம் பார்க்கிற அளவுக் கம்பியின் மேல் கோடு வரைக்கும் ஆயில் ஊற்றினான். ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்தான். கொஞ்ச நேரம் பொறுத்துக் கம்பியை உருவினால், ஆயில் கீழ்க் கோட்டுக்கும் கீழே நின்றது.

“ஒழுகுதுங் மேஸ்திரி!”

“பாருங்க.”

வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்தான். ஒரு சொட்டு இல்லை. மனம் கேட்கவில்லை. கூலரைக் கழற்றி, கவிழ்த்து, காற்றடித்து, புது வாஷர் போட்டு மறுபடி மாட்டினான். ஆயிலைக் கோடு வரைக்கும் ஊற்றினான். ஓடவிட்டான். மறுபடியும் கீழே.

இந்தத் தடவை இணைப்புகளில் எல்லாம் முகப் பவுடர் தூவினான். கசிந்தால் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். பவுடர் கல்யாண வீட்டுப் பெண் முகம் மாதிரி அப்படியே இருந்தது. மறுபடி கழற்றினான், கவிழ்த்தான், துடைத்தான், மாட்டினான். மறுபடியும் கீழே. மூன்றாவது தடவையாகக் கழற்றிக் கவிழ்த்து, வெறும் கூலரைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். மத்தியானச் சோற்றுப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. மணி நாலரை.

“வேற வண்டி சாமான் வேற வண்டி சாமான்தானுங். என்ன பண்ணுனாலும் ஒட்டாது,” என்றான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ரங்கநாயகி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“ஒவ்வொரு தடவையும் கூலரைக் கவுத்தீங்களே, உள்ள என்ன இருந்துச்சு?”

“ஆயிலுங்.”

“எவ்வளவு?”

“முக்கால் லிட்டர் இருக்குமுங்.”

“அதை என்ன பண்ணுனீங்க?”

“கழிவுத் தட்டுல கொட்டிட்டு, சுத்தமாத் தொடச்சுத்தானுங் மாட்டுனேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவன் அந்தத் தட்டைத் திரும்பிப் பார்த்தான். காலையில் காலியாக இருந்த தட்டு இப்போது முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருந்தது. தன் மண்டையில் தானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

அவள் சிரிக்கவில்லை. கூலரை நிமிர்த்திப் பிடித்து, புனல் வைத்து, வாய் வரைக்கும் ஆயில் நிரப்பினாள். சிந்தாமல் துணி அடைத்துக் கொண்டுபோய் மாட்டினாள். இன்ஜினிலும் கோடு வரைக்கும் ஊற்றினாள்.

“கோடு போட்டப்ப வண்டியில இது இல்லீங்களே,” என்றாள். “இப்ப இதுக்கும் சேத்துல்ல ஊத்தணும்.”

வண்டி பத்து நிமிஷம் ஓடியது. அணைத்து, ஆயில் கீழே இறங்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். சுப்பராயன் கம்பியை உருவினான். மேல் கோட்டிலேயே நின்றது. நம்பாமல் துடைத்துவிட்டு மறுபடி விட்டு உருவினான். அதே கோடு. மூன்றாம் முறை கையைக் கொண்டுபோனபோது ரங்கநாயகி கம்பியை அவன் கையிலிருந்து வாங்கி, அதன் இடத்தில் செருகினாள்.

“போதுங்ணா. நிக்குது.”

சுப்பராயன் சோப்புத்தூள் போட்டுக் கையைக் கழுவினான். அவசரமில்லாமல் நகக்கண் வரைக்கும் கழுவினான். மணி ஐந்தரை ஆகியிருந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான்.

“குடுக்கறதெல்லாம் எங்க போகுதுன்னு காலையில கேட்டனுங்களே மேஸ்திரி. அதுக்கு நீங்க ஒண்ணுமே சொல்லலை. நான் போகட்டுங்களா, வேண்டாங்களா?”

ரங்கநாயகி கழிவுத் தட்டைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

“இன்னைக்கு மூணு தடவை கவுத்துக் கொட்டுனீங்க. வீட்டுல எத்தனை தடவைங்ணா?”

சைக்கிள் வாங்கித் தந்துவிட்டுக் கேட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கேட்டது, போன வெள்ளிக்கிழமை கேட்டது என்று சுப்பராயன் மனதுக்குள் எண்ணத் தொடங்கினான். ஆறு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போன பிறகும் எண்ணிக்கொண்டிருந்தான்.