மட்டித்திட்டுக்குக் கடல் வந்தது

மட்டித்திட்டு ஒரு காலத்தில் தீவு. கரையிலிருந்து அதற்கு ஒரு குட்டி ரோடு போட்டார்கள். ரோடு கடலை மறித்தது, இரண்டு பக்கமும் மணல் சேர்ந்தது, கடல் கோபித்துக்கொண்டு தூரப் போய்விட்டது.

இதில் அடிபட்டவர் தொம்மை. திட்டில் பிறந்த பெண் கல்யாணமாகிப் போகும்போது கால் தரையில் படாமல் வள்ளத்தில்தான் போகவேண்டும். அது ஊர் வழக்கம். மகள் ரெஜினாளுக்கு நிச்சயமாகி மூன்று வருஷம். மாப்பிள்ளை அக்கரையில் காத்திருக்கிறான், வள்ளம் மணலில் கிடக்கிறது. பாவம், தொம்மைக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் ஒரு என்ஜினியர் வந்தார். "இங்க கடல்ல விழுற ஆத்துல நாங்க அணை கட்டுறோம். கடல் ஏறுறப்ப தண்ணியப் பிடிச்சு வச்சு, வத்துறப்ப மடையத் திறந்தா மணலையெல்லாம் அதுவே தள்ளிட்டுப் போயிரும். நீங்க ரோட்ட மட்டும் எடுங்க. முதல்ல இந்த போர்ட வைங்க. முக்கியமா, ரோட்டுக் கல்லு ஒண்ணுகூடக் கடல்ல கிடக்கக் கூடாது."

'இந்தப் பாதையில் யாரும் வரக்கூடாது' என்ற போர்டை ஊர்க்காரர்கள் நட்டார்கள். பிறகு மண்வெட்டியோடு அதற்கு வெளியே இரண்டு நாள் நின்றார்கள்.

"யாரும்னா நாமளுமா?" என்று கேட்டார் சந்தியாகு.

"நாம போலாம்னா, நம்மளத் தவிரன்னு எழுதியிருப்பாவல்லா," என்றார் தொம்மை.

மூன்றாம் நாள் மிக்கேலுக்கு மூளை வேலை செய்தது. "ரோட்டுலதான வரக்கூடாது? ஓரமா நின்னு வெட்டுவோம்." முழங்கால் சேற்றில் நின்று ரோட்டை வெட்டி முடித்தார்கள்.

எடுத்த கல்லை எங்கே வைப்பது?

"மணல்ல குவிப்போம்."

"அந்த மணல்தாம்ல நாளைக்குக் கடலு."

"அப்ப ஊருக்குள்ள வைப்போம்."

"கனம் தாங்காம திட்டு அமுங்கிப் போனா?"

எல்லோரும் திகிலோடு காலடியைப் பார்த்துக்கொண்டார்கள். சந்தியாகு மெல்லச் சொன்னார்: "கடல் வந்தாலும் மூழ்காத இடம் ஒண்ணுதான் இருக்கு. தொம்மை வள்ளம். அது மிதக்கும்லா."

ரோடு முழுவதையும் வள்ளத்தில் ஏற்றினார்கள்.

மடை திறந்தது, மணல் போனது, கடல் வந்தது. தொம்மை அழுதே விட்டார். கல்யாணத்தன்று காலை தேங்காய் மட்டை மிதந்தது, மிக்கேலின் கோழிக்கூடு மிதந்தது. வள்ளம் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"கடல் பத்தல," என்றார் மிக்கேல்.

அக்கரையில் மாப்பிள்ளை வீட்டார் வெயிலில் நின்றார்கள். தொம்மை வள்ளத்தை மூன்று சுற்று சுற்றி வந்தார். "கல்ல இறக்குங்கடே."

"கடல்ல கிடக்கக் கூடாதுன்னாரே?"

"தாறுமாறாக் கிடந்தாத்தான் தப்பு. பழைய இடத்துலயே ஒழுங்கா அடுக்குங்க."

ஒழுங்காக அடுக்கினார்கள். கடைசிக் கல் இறங்கியதும் வள்ளம் ஜம்மென்று மிதந்தது. ரெஜினாள் பட்டுச்சேலையோடு ஏறினாள். ஓர் அலை வந்து தெறித்தது.

"பட்டு நனைஞ்சிரும். தூக்குங்கடே!" என்று கத்தினார் தொம்மை.

பன்னிரண்டு பேர் வள்ளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டில் நடந்தார்கள். வழக்கம் கெடக்கூடாது என்று மேலே இரண்டு பேர் காற்றில் துடுப்புப் போட்டார்கள்.

கல்யாணத்துக்கு வந்திருந்த என்ஜினியர் தலையில் கை வைத்தார். "ரோட்டுலயே தூக்கிட்டு வர்றதா இருந்தா மூணு வருஷம் முன்னாடியே வந்திருக்கலாமே. கடல் எதுக்குய்யா?"

தொம்மை அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தண்ணியே இல்லாத ஊருல வள்ளத்துல போனா, பாக்கிறவன் சிரிக்க மாட்டானா சார்?"