ஒரு துளிக்கு மேலே குடித்த ஓணான்

ஓணானும் உடும்பும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், ஆண் ஓணானுக்குக் கழுத்தில் சிவப்பு கிடையாது. ஆணும் பெண்ணும் ஒரே சருகு நிறம். ஆண்களுக்குச் சண்டை என்றால் என்னவென்றே தெரியாது. எவ்வளவு நல்ல குணம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், அது நல்ல குணமா என்று.

செம்மணல் மேடுகள் கிடக்கும் தேரிக்காட்டில் ஒரு தண்ணீர்விட்டான் கொடி இருந்தது. மேலே முள்ளும் ஊசி இலையும், மண்ணுக்கு அடியில் கொத்துக் கொத்தாகக் கிழங்கு. அந்தக் கிழங்குச் சாற்றில் ஒரு புளிப்பு உண்டு. சித்திரையில் முதல் இடி இடித்ததும் ஆண் ஓணான்கள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு துளி நக்கும். ஒரே துளிதான். அந்தப் புளிப்பு முதலில் தலைக்குப் போகும். தலை அடிவயிற்றுக்குச் சொல்லி அனுப்பும். அடிவயிறு ரத்தத்தில் கொஞ்சம் சூடு ஏற்றும். அந்தச் சூடு வந்தால்தான் ஓணானுக்குப் பெண்டாட்டி நினைப்பே வரும், முட்டையில் உயிர் பிடிக்கும்.

கிழங்கைத் தோண்ட ஓணானின் நகம் போதாது. தோண்டிக் கொடுத்தது உடும்பு. சும்மா கொடுக்குமா அது?

"ஏல, ஒம் பொண்டாட்டி முட்டை வச்சதும், எங்கன வச்சான்னு எங்காதுல ஒரு வார்த்தை போட்டுரணும். காவலுக்குத்தான் கேக்கேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லும்.

"சரி அண்ணாச்சி" என்பார்கள் எல்லாரும். சொன்னபடி போய்ச் சொல்லவும் செய்தார்கள். உடும்பு எதைத் தின்னும் என்பது தெரியாதா இவர்களுக்கு? நன்றாகத் தெரியும். ஆனால் அண்ணாச்சி கேட்கும்போது முகத்தில் அடித்த மாதிரி மாட்டேன் என்று சொல்ல முடியாதாம். குழி காலியானால் நரி வந்திருக்கும் என்று சொல்லிவிட்டு வெயில் காயப் போய்விடுவார்கள்.

அவர்களில் ஒருவன் சருகன். அவன் பெண்டாட்டி கோடாயி. மூன்று வருடமாக அவள் வைத்த முட்டை ஒன்றுகூடக் குஞ்சாகவில்லை. மூன்றாவது வருடம் ஒரு உச்சி வெயிலில் அவள் தன் குழிப் பக்கம் போனாள். உடும்பு அங்கே குழிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது. வெளியே எடுத்த மூக்கில் முட்டைத் தோல் ஒட்டியிருந்தது.

கோடாயி நேரே உடைமுள் மரத்து நிழலுக்கு வந்தாள். சருகன் அங்கே எறும்பு தின்றுகொண்டிருந்தான்.

"நான் பொதைச்ச எடம் ஒமக்கும் எனக்கும் மட்டுந்தான தெரியும்? உடும்புக்கு யாரு சொன்னா?"

"ஏளா, அண்ணாச்சி காவலுக்குன்னுதான கேட்டாரு. இல்லைன்னு எப்படிச் சொல்ல?"

"மூணு வருசமும் சொன்னீரா?"

சருகன் அடுத்த எறும்பை நக்கினான்.

"இந்த வருசம் மட்டும் பதினாலு முட்டை! குழி தோண்டி, வச்சு, மூஞ்சியால மண்ணை இடிச்சு இடிச்சு மூடுனேன். நீரு போயி எடத்தைக் காட்டிட்டு வந்து எறும்பு திங்கீரு. ஒமக்குக் கோவமே வராதா? நீரெல்லாம் ஒரு தகப்பனா? தூ!"

அந்தத் தூ அவன் மேல் விழுந்தது. சருகன் எழுந்து கொடியடிக்குப் போனான். நகம் பிய்ந்து ரத்தம் வரும்வரை தோண்டினான். கிழங்கைக் கொத்தோடு கவ்வி இழுத்துச் சாறு ஒழுக ஒழுகக் கடித்தான்.

"ஆளுக்கு ஒரு துளிடா!" என்று கொடி அலறியது. "எல்லார் பங்கையும் நீயே குடிக்கிறாயே!"

அவன் நிறுத்தவில்லை. கடைசிக் கிழங்கு வரை சப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தான். புளிப்பு தலைக்கு ஏறியது, தலை அடிவயிற்றைப் போட்டு விரட்டியது, ரத்தம் கொதித்துக் கழுத்துக்கு வந்தது. கழுத்து மிளகாய்ப் பழமாகச் சிவந்தது.

உடும்பைத் தேடிப் போய் மூக்கில் கடித்தான் சருகன். அத்தனை பெரிய உடும்பு வாலைச் சுருட்டிக்கொண்டு பனை வேருக்குள் ஓடியது. அந்த ஓட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு குளிர்கிறது.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் சூடு இறங்கவில்லை. வேலியில் சும்மா உட்கார்ந்திருந்த சொந்தத் தம்பியின் வாலைக் கடித்துத் துப்பினான். உடும்பு ஓடிய சேதி கேட்டுச் சந்தோசமாக வந்தாள் கோடாயி. அவளையும் துரத்தித் துரத்திக் கழுத்தில் கடித்தான்.

"நான் கோடாயி! என்னையத் தெரியலையா?" என்று கத்தினாள் அவள். அவனுக்குத் தெரியவில்லை.

மற்ற ஆண்கள் கொடியைச் சூழ்ந்துகொண்டு, "வாற சித்திரைக்கு எங்க துளி எங்க?" என்று கேட்டார்கள். கிழங்கை இழந்த கொடி சரிந்துகொண்டிருந்தது.

"இனி எவனும் என்னிடம் வரக் கூடாது. கேட்டவனுக்கெல்லாம் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தீர்கள். கோபம் வந்ததும் குடிக்கிற அளவு தெரியவில்லை. அந்தப் புளிப்பு இனி உங்கள் உடம்புக்குள்ளேயே ஊறட்டும். கோடை வந்தால் ஊறும். அதைத் துளியாக அளந்து கொடுக்க ஆள் இருக்காது" என்றது கொடி.

மறு கோடையில் கோடாயி முட்டை வைத்துவிட்டு வந்தாள். மூக்கில் ஈர மண் இன்னும் காயவில்லை. சருகன் சிவந்த கழுத்தோடு குறுக்கே வந்து நின்றான்.

"ஏளா, எங்கன வச்சிருக்க? நான் காவல் இருக்கேன். எவன் வாறான்னு பாப்போம்."

அவன் இந்தத் தடவை உண்மையாகவே காவல் இருந்திருப்பான். உடும்பு நூறு வந்தாலும் கடித்து விரட்டியிருப்பான். கோடாயி அவன் கழுத்தைப் பார்த்தாள்.

"நான் எங்கயும் வைக்கல" என்று சொல்லிவிட்டுப் புதருக்குள் போய்விட்டாள்.

கோடை இடி கேட்டதும் ஆண் ஓணானின் கழுத்து சிவப்பதும், வேலியில் ஏறி எதிரே வரும் ஆணையெல்லாம் அது சண்டைக்கு இழுப்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். பெண் ஓணான் தன்னந்தனியாகப் போய்க் குழி தோண்டி முட்டை வைத்து மூடிவிட்டு, இடத்தை மட்டும் தகப்பனிடம் சொல்லாமல் இருப்பதும் அன்று முதல்தான்.